இரத்மலானையில் விட்டுவந்த ஆட்டம்

பெரியம்மா தொலைபேசியில் அழைத்தபோது நான் மாணவரின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"தம்பி, வீடு விலைப்பட்டிட்டுது. வாற மாதம் திறப்பைக் குடுக்கவேணும். அலுமாரிக்கு மேலை உங்கடை ரீவி கேம் பெட்டி கிடக்குது. வேணுமெண்டால் வந்து எடு. இல்லாட்டில் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடுவன்" என்றார்.

நாற்பத்தைந்து வயதான ஆசிரியர் ஒருவர், சிறுவர் விளையாடும் பெட்டியொன்றைத் தேடி ஞாயிற்றுக்கிழமையிற் பயணம் புறப்படுவதா என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். என் மனைவியும் நகைத்தாள். ஆயினும் அந்தப் பெட்டியோடு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நான் தீர்க்காத கடனொன்றும் கிடந்தது. அதனை இங்கே யாரிடமும் நான் சொன்னதில்லை. பதின்மூன்று வயதான என் மகளை உடன் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானைக்குச் செல்லக் காலி வீதியிற் பேருந்துகள் உண்டு. எனினும் கடலோரப் புகையிரதத்துக்கு நிகராக வேறொன்றையும் நான் கருதுவதில்லை. வலப்புறத்திற் கடல், இடப்புறத்தில் வீடுகளின் பின்முற்றங்கள், காயும் துணிகள், சிறு தென்னைகள். வண்டி அலைக்கு அத்துணை அருகிற் செல்வதால் உப்புக் காற்று முகத்தில் ஒட்டிக்கொள்ளும். தெஹிவளை நிலையத்தில் வண்டி நின்றபோது வழக்கம்போல் என் மனம் சிறிது கனத்தது. 1996ஆம் ஆண்டு யூலை 24ஆம் நாள் மாலை, வேலை முடிந்து வீடு திரும்புவோர் நிறைந்திருந்த புகையிரதத்தில், இவ்விடத்திலேதான் குண்டுகள் வெடித்தன. அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இன்று அம்மேடையிலே கடலை விற்கும் ஒருவர் கூவிக்கொண்டு நடக்கிறார். பாடசாலைப் பிள்ளைகள் சிரித்துப் பேசுகின்றனர். அடுத்தது கல்கிசை. ஆங்கிலத் தேசாதிபதி மெயிற்லண்ட் தமக்கெனக் கட்டிய மாளிகை, விருந்தினர் விடுதியாகிக் கடல்முனையில் வெள்ளை வெளேரென நிற்கிறது. அதனைத் தாண்டியதும் புகையிரதப் பாதை கடலைவிட்டுச் சற்றே விலகுகிறது. பழைய பெட்டிகளும் துருப்பிடித்த இயந்திரங்களும் நிரைநிரையாகக் கிடக்கும் பெரிய தொழிற்சாலை தென்படும். அதுவே இரத்மலானைப் புகையிரதத் தொழிற்சாலை. என் பெரியப்பா அங்கே எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர்.

நிலையத்தில் இறங்கிக் காலி வீதியைக் கடந்தால் விமான நிலையத்தின் பக்கம் வந்துவிடலாம். இலங்கையின் வான்வழிப் பயணம் தொடங்கிய இடம் இது. 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், சென்னைப் பறத்தற் கழகத்தின் பயிற்றுநர் ஒருவர் ஓட்டிவந்த சிறு விமானமே இந்நிலத்தில் முதன்முதலாக இறங்கியது. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இங்கிருந்தே எழுந்து, காங்கேசன்துறையில் இறங்கிப் பின்னர் சென்னைக்குச் சென்றது. அவ்விமானத்துக்குச் 'சீதாதேவி' என்று பெயர். கட்டுநாயக்கா தலையெடுக்கும் வரைக்கும் நாட்டின் சர்வதேச விமான நிலையமாக விளங்கியது இரத்மலானையே. இன்று வான்படையின் அருங்காட்சியகமும் இங்கேதான் இருக்கிறது.

எங்கள் குடும்பத்துக்கோ இந்நிலம் வேறொரு காரணத்தால் மறக்கவொண்ணாதது. 1983 யூலைக் கலவரத்தில் வீடிழந்த தமிழர் பலருக்கு, இந்த விமான நிலையத்துக் கொட்டகையே புகலிடமாயிற்று. அப்பொழுது எனக்கு வயது மூன்று. வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருந்த வீடு எரிந்தபின், அம்மா என்னை இடுப்பிற் சுமந்தபடி இங்கே வந்து சேர்ந்தாராம். சீமெந்துத் தரையிற் பல நாட்கள் படுத்திருந்து, பின்னர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனோம். பெரியம்மா குடும்பத்தாரை மாத்திரம் அயலிலிருந்த சிங்களக் குடும்பமொன்று தம் வீட்டின் பின்னறையில் மறைத்துவைத்துக் காத்தது. அதனாலேதான் அவர்கள் இரத்மலானையைவிட்டுப் பெயரவில்லை.

"இந்த மதிலுக்கு அப்பாலா நீங்கள் இருந்தீர்கள்?" என்று மகள் கேட்டாள். "ஆம்" என்றேன். சிறிது நேரம் மதிலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மேலும் ஒன்றும் கேட்கவில்லை.

1990ஆம் ஆண்டு மீண்டும் போர் மூண்டது. படிப்புக் கெடாதிருக்க வேண்டுமென்று என்னை மட்டும் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். பெற்றோர் யாழ்ப்பாணத்தில்; நான் இரத்மலானையில். கடிதம் வந்து சேர வாரங்கள் ஆகும். பாடசாலைவிட்டு வந்தால் வெளியே செல்லக்கூடாது என்பது பெரியம்மாவின் கண்டிப்பான கட்டளை. சோதனைச் சாவடி, அடையாள அட்டை, பொலிசுப் பதிவு என்ற சொற்கள் அவ்வீட்டில் உப்புப் புளிபோல நாள்தோறும் புழங்கின. பத்து வயதுச் சிறுவனுக்கு முற்றமும் விறாந்தையுமே உலகமாயின.

அந்த உலகத்துக்கு 1991இல் ஒரு சாளரம் திறந்தது. பெரியப்பாவின் நண்பரொருவர் சிங்கப்பூரிலிருந்து வரும்போது, பெரியம்மாவின் ஒரே மகனான அண்ணாவுக்கு ஒரு ரீவி கேம் பெட்டி வாங்கிவந்தார். அண்ணா என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஜப்பானிய நிறுவனமான நின்ரென்டோ ஆக்கிய 'ஃபமிலி கொம்பியூட்டர்' என்னும் பொறியைப் பார்த்துத் தைவானில் மலிவாகச் செய்த போலி அது. மூலப்பொறி முதன்முதல் விற்பனைக்கு வந்த நாள் 1983 யூலை 15 என்று அண்மையில் ஒரு நூலிற் படித்தேன். கொழும்பு பற்றியெரியத் தொடங்கியதற்கு ஒன்பது நாட்கள் முந்திய நாள். உலகத்தின் ஒரு மூலையிற் பிள்ளைகள் விளையாட ஒரு பொருளை விற்பனைக்கு வைத்த அதே மாதத்தில், வேறொரு மூலையிற் பிள்ளைகள் விமானக் கொட்டகையிற் படுத்துறங்கினர். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆயினும் படித்த பின் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பெட்டியோடு வந்த கசெட் ஒன்றே ஒன்று. அதுதான் 'பேட்மேன்'. 1939ஆம் ஆண்டு அமெரிக்கச் சித்திரக்கதையொன்றில் தோன்றிய இந்த வௌவால் மனிதனை வைத்து, 1989இல் ஒரு திரைப்படம் வெளியாகி உலகெங்கும் ஓடியது. அப்படத்தைத் தழுவிச் சன்சொஃப்ட் என்னும் ஜப்பானிய நிறுவனம் அவ்வாண்டு இறுதியில் வெளியிட்ட ஆட்டம் இது. மொத்தம் ஐந்து கட்டங்கள். இரவு நேரத்து நகரவீதியில் தொடங்கி, இரசாயனத் தொழிற்சாலை, நிலத்தடிச் சுரங்கம் எனக் கடந்து, தேவாலயக் கோபுரத்தின் உச்சியிலே ஜோக்கர் என்னும் கொடியவனை எதிர்கொள்வதோடு ஆட்டம் முடிவுறும். அப்பொறி காட்டவல்ல நிறங்கள் ஐம்பதுக்குச் சிறிது மேல். திரையின் பின்னணியோ பெரும்பாலும் கறுப்பு. அதனாற்போலும் கறுப்பாடை வீரனுக்கு ஊதா நிறம் பூசியிருந்தார்கள்.

மற்ற வீரர்களைப்போல இவனுக்குப் பறக்கத் தெரியாது. மாயமந்திரமும் இல்லை. சிறு வயதிற் பெற்றோரைக் கொலைஞனிடம் பறிகொடுத்த ஒரு மனிதன், அவ்வளவே. ஆனால் அவனிடம் ஒரு வித்தை இருந்தது. முன்னே சுவர் வந்தால் அதன்மீது பாய்ந்து, கால் பட்ட கணத்திலேயே அதனை உதைத்து எதிர்ச்சுவருக்குத் தாவுவான். அங்கிருந்து மீண்டும் இங்கே. இவ்வாறு இரு சுவர்களுக்கு இடையே மாறிமாறித் தாவி, ஏணியில்லாத கிணறு போன்ற இடங்களிலும் மேலே ஏறிவிடுவான். பொத்தானை அழுத்தும் கணம் இம்மியளவு பிந்தினாலும் கீழே முள்ளில் வீழ்வான். நானும் அண்ணாவும் அந்தத் தாவலைப் பழகுவதற்கு ஒரு பாடசாலை விடுமுறை முழுவதையும் செலவிட்டோம். ஒருவர் ஆடுவார், மற்றவர் அருகிலிருந்து கணக்குச் சொல்வார். பெரியம்மா குசினியிலிருந்து, "கண் பழுதாகப்போகுது" என்று நாள்தோறும் சொல்வார். ஆனால் தெருவிற் கனரக வாகனத்தின் ஓசை கேட்டால், "சத்தத்தைக் குறைச்சு வைச்சு விளையாடுங்கோ" என்பார். நிறுத்தச் சொன்னதேயில்லை. பிள்ளைகள் இருவரும் கண்முன்னே வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்ற நிம்மதி அவருக்கு என்பதை, நான் தந்தையான பின்னரே உணர்ந்தேன்.

1996ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள், மத்திய வங்கியின் வாயிலில் வெடித்த குண்டு ஏறத்தாழத் தொண்ணூறு உயிர்களைக் குடித்தது. அதன் பின்னர் சோதனைகள் கடுமையாயின. ஓர் இரவு எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். இருபத்தொரு வயதான அண்ணாவை விசாரணைக்கென்று ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் விடுதலையாகி வந்தார். என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த வாரமே பெரியப்பா தமது சேமலாப நிதியைக் கணக்குப் பார்க்கத் தொடங்கினார். சில மாதங்களுள் கனடாப் பயணம் ஒழுங்காயிற்று.

புறப்படுவதற்கு முந்திய மாலை அண்ணா, "வா, இண்டைக்கு முடிப்பம்" என்று பெட்டியை எடுத்துவைத்தார். அன்று அவருடைய கை அபாரமாக ஓடியது. சுழலும் பற்சில்லுகளுக்கிடையே தாவித் தாவி, கோபுரத்தின் உச்சியை முதன்முறையாக எட்டினோம். ஜோக்கர் துப்பாக்கியோடு எதிரே நின்றான். வானத்திலிருந்து மின்னலும் வீழ்ந்தது. அந்த வேளையில் மின்சாரம் நின்றது. அவ்வாண்டு மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியதால், நாடெங்கும் மணிக்கணக்கில் மின்வெட்டு நடந்துகொண்டிருந்தது. இந்த ஆட்டத்தில் விட்ட இடத்தைக் காத்துவைக்கும் வசதி கிடையாது. மின் போனால் முதற்படியிலிருந்தே தொடங்கவேண்டும். இருளில் நாங்கள் இருவரும் சிறிது நேரம் பேசாதிருந்தோம். பெரியம்மா விளக்கோடு வந்தார். "நீ முடிச்சுப்போட்டு எனக்குக் கடிதம் எழுது" என்றார் அண்ணா.

அவருடைய முதற் கடிதங்களை நான் இன்றும் வைத்திருக்கிறேன். நிலவறை வீடு, இரவில் உணவகத்திற் கோப்பை கழுவும் வேலை, வெளியே முழங்காலளவு பனி. ஒவ்வொரு கடிதத்தின் கடைசி வரியும் ஒன்றே: "ஆட்டம் முடிஞ்சுதோ?" நானோ பெட்டியைத் தொடவேயில்லை. அருகிலிருந்து கணக்குச் சொல்ல ஆளில்லாத இடத்தில் அதன்முன் அமர என்னால் முடியவில்லை. இதை அவருக்கு எழுதினால் அவர் மனம் நோகும் என்று அஞ்சினேன். ஆதலால் ஒருநாள், "முடித்துவிட்டேன்" என்று எழுதினேன். பொய்க்கு அழகு சேர்க்க வேண்டாவா? ஜோக்கரைப் பேட்மேன் கயிற்றாற் பிணித்துப் பொலிசாரிடம் ஒப்படைத்தான் என்றும், நகரத்து மக்கள் விளக்கேற்றி மகிழ்ந்தார்கள் என்றும் இரண்டு பக்கம் வருணித்தேன். பெரியம்மாவுக்கும் வாசித்துக் காட்டியே தபாலிற் சேர்த்தேன்.

நாங்கள் சென்றபோது வீடு பாதி வெறுமையாயிருந்தது. பெரியப்பா காலமாகிப் பல ஆண்டுகளாகிவிட்டன. பெரியம்மா மகனோடு வாழக் கனடா செல்லவிருக்கிறார். பழைய நாட்காட்டிகள் தொங்கிய இடங்களிற் சுவர் மாத்திரம் வெளிறியிருந்தது. பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். முன்னாளில் ஆட்டம் தோன்றாவிட்டால் கசெட்டை வாயால் ஊதுவோம். அதுவே மருந்து என்று நம்பினோம். உண்மையில் ஊதும்போது படும் ஈரம் உலோக முனைகளை அரிக்குமாம். கழற்றி மீண்டும் பொருத்துவதாலேதான் ஆட்டம் தோன்றியிருக்கிறது. இம்முறை மகள் அழிறப்பரால் முனைகளை மெல்லத் தேய்த்தாள். மின்னிணைப்பி பழுதடைந்திருந்தது, சந்தியிலுள்ள கடையொன்றிற் புதியது வாங்கிவந்தோம். பெரியம்மாவின் பழைய தொலைக்காட்சியில் இரைச்சற் புள்ளிகளுக்கிடையே ஊதா நிற வீரன் எழுந்து நின்றபோது, என்னை அறியாமல் அண்ணா வழக்கமாக அமரும் இடப்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

உண்மையைச் சொல்லவேண்டும். ஆட்டம் நான் நினைவில் வைத்திருந்ததைவிடச் சிறியது. ஆனால் மிகக் கடினமானது. பெருநகரம் என்று எண்ணியிருந்தது, நாலைந்து கட்டடங்கள் திரும்பத் திரும்ப வருவதே. ஆயினும் இசை அப்படியே நெஞ்சைத் தொட்டது. என் விரல்களோ பழைய விரல்கள் அல்ல. இரண்டு மணிநேரம் முயன்றும் மூன்றாம் கட்டத்தைத் தாண்டமுடியவில்லை. மகள் அரைமணியிற் சுவர்த் தாவலைப் பழகிக்கொண்டு நான்காம் கட்டத்துக்குப் போய்விட்டாள். அங்கே வீழ்ந்தபின் என்னை நோக்கி, "அப்பா, நீங்கள் இதை முடித்தீர்களா?" என்று கேட்டாள்.

"இல்லை, பிள்ளை" என்றேன்.

குசினி வாயிலிலே தேநீர்த் தட்டோடு பெரியம்மா நின்றிருந்தார். "முடிச்சனெண்டெல்லோ அண்ணாவுக்கு எழுதினனீ? எனக்கும் வாசிச்சுக் காட்டினாய்!" என்றார். எண்பது வயது கடந்தவருக்கு இது மாத்திரம் மறக்கவில்லை. மகள் என் முகத்தையே பார்த்தாள். வகுப்பிற் பொய் சொல்லும் மாணவர்களை எத்தனையோ முறை எழுப்பி நிறுத்தியவன் நான். அன்று அவ்வறையிலே நானே எழுந்து நிற்கவேண்டியவனானேன்.

மாலை ஆறு மணிக்கு ரொறன்ரோவிற் காலை வேளை. அண்ணாவை அழைத்து, வீட்டிலிருந்து பேசுகிறேன், பெட்டி வேலை செய்கிறது என்றேன். பின்னர், "அண்ணா, அந்த ஆட்டத்தை நான் முடிக்கவேயில்லை. அப்ப எழுதினது பொய்" என்றேன்.

அவர் சிரித்தார். "எனக்கு எப்பவோ தெரியும்" என்றார். "வந்து மூண்டு வருசத்திலை இஞ்சை ஒரு பழைய சாமான் கடையிலை அதே கசெட்டைக் கண்டு வாங்கினனான். தனியவே இருந்து முடிச்சன். கடைசியிலை பேட்மேன் ஜோக்கரைக் கோபுரத்திலையிருந்து தூக்கியெல்லோ எறியிறான்! பொலிசுமில்லை, விளக்குமில்லை."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

சிறிது நேரம் பதில் வரவில்லை. "உன்ர கடிதத்தை அந்தக் குளிருக்குள்ளை எத்தினை தரம் வாசிச்சிருப்பன் எண்டு உனக்குத் தெரியாது. பிடிச்சுக்கொண்டு போனவனை விசாரிச்சு நியாயம் பாக்கிறதாக நீ எழுதியிருந்தாய். எனக்கு அந்த முடிவுதான் பிடிச்சிருந்தது" என்றார். 1996இல் நடந்ததைப் பற்றி அண்ணா என்னிடம் வாய்திறந்தது அதுவே முதன்முறை. அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இம்முறை மௌனம் பாரமாயிருக்கவில்லை.

பெரியம்மாவிடம் விடைபெற்று, பெட்டியைப் பழைய சேலைத்துணியிற் சுற்றிக்கொண்டு புறப்பட்டோம். விமான நிலையத்து மதிலோரமாக நடந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. 1998ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள், பலாலியிலிருந்து இந்நிலையத்தை நோக்கி வந்த பயணிகள் விமானமொன்று மன்னார்க் கடலில் வீழ்ந்து 55 பேர் மாண்டனர். பின்னர் 2022 யூலையில், யாழ்ப்பாணத்துக்கும் இரத்மலானைக்கும் இடையே விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கின. இவற்றையெல்லாம் மகளுக்குச் சொல்லிக்கொண்டே நிலையத்தை அடைந்தேன். அடுத்த மாதம் முதல் இவ்வூரில் எங்களுக்கென்று ஒரு வீடு இராது. ஆயினும் இந்த மதிலுக்கு அப்பால் யார் படுத்திருந்தார்கள் என்பதை இனி அவளும் அறிவாள்.

பெட்டி இப்பொழுது வெள்ளவத்தையில் எங்கள் கூடத்திலே இருக்கிறது. மாலைதோறும் வீட்டுப்பாடம் முடிந்தபின் அரைமணி நேரம் அவளுக்கு அனுமதி. அவள் ஆடுகிறாள், நான் அருகிலிருந்து கணக்குச் சொல்கிறேன். கோபுரத்தின் பற்சில்லுகள் வரை வந்துவிட்டாள். முடித்ததும் ரொறன்ரோப் பெரியப்பாவுக்குக் கடிதம் எழுதவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். முடியாவிட்டாலும் எழுதலாம், நடந்ததை மட்டும் எழுது என்றும் சொல்லிவைத்திருக்கிறேன்.